வோட் போடுறது பேந்து, முதல்ல லிஸ்டில பேர் கிடக்கோ எண்டு பாருங்கோ

எலக்சன் வருது எண்டு கதை அடிபட்ட உடன எங்கட சந்திக் கடையில பிளேன்ரி குடிக்கிற ஆக்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான், "ஆர் வந்தாலும் நாங்கள் உழைச்சாத்தான் எங்களுக்குச் சாப்பாடு, உதுக்கேன் வெயிலுக்க லைனில நிப்பான்" எண்டு. நானும் கன காலம் உந்தக் கட்சிதான். இப்ப இல்லை. ஏன் இல்லை எண்டு கொஞ்சம் சொல்லிப்போட்டு எப்பிடிப் போடுறது எண்டதை விளக்கமா எழுதுறன், ஏனெண்டா போடோணும் எண்டு ஆசையோட போன ஆக்களே ஒரு சின்னப் பிழையால வோட்டைப் பழுதாக்கிப்போட்டு வந்ததை என்ர வீட்டுக்குள்ளயே பாத்தனான்.

நாங்கள் போகாட்டி அந்தக் கதிரை எங்களுக்காகச் சும்மா காத்துக்கொண்டு கிடக்கும் எண்டு ஒரு நினைப்பு எங்கட ஆக்களுக்கு இருக்கு. அப்பிடி ஒருக்கா நடந்ததுதான், இல்லையெண்டு சொல்லேல்லை. 1931 இல இலங்கையில 21 வயசுக்கு மேல எல்லாருக்கும், பொம்பிளையளுக்கும் சேத்து, முதல் முதல் வோட் குடுத்த நேரம் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்பு எண்டு சொல்லி அரசாங்க சபையில (அந்த நேரத்துப் பாராளுமன்றம்) வடக்கின்ர நாலு ஆசனம் வெறுமையாக் கிடந்தது, 1934 இலதான் இடைத்தேர்தல் வச்சு நிரப்பினவை. அந்த மூண்டு வருசமும் கொழும்பில சபை நடந்துகொண்டுதான் இருந்தது, எங்கட ஆக்கள் இல்லாம. 1994 ஓகஸ்ட் பாராளுமன்ற எலக்சனில கதிரை வெறுமையாவும் கிடக்கேல்லை. யாழ் தேர்தல் மாவட்டத்தில நூற்றுக்கு மூண்டு பேர் கூட வோட் போடேல்லை, பத்தாயிரத்துச் சொச்சம் வாக்கு எடுத்த ஒரு சுயேச்சைக் குழுவுக்கு பத்தில ஒன்பது ஆசனம் போச்சுது. ஒன்பது! 2005 ஜனாதிபதி எலக்சன் கதை எல்லாருக்கும் தெரியும், யாழ் மாவட்டத்தில நூற்றுக்கு 1.2 பேர்தான் போட்டவை, நாடு முழுக்க வெண்டவருக்கும் தோத்தவருக்கும் இடையில இருந்தது 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்கு, எங்கட மாவட்ட வாக்காளர் லிஸ்டில (இடாப்பில) அப்ப 7 இலட்சம் பேர். ஆர் வந்திருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு நான் சாத்திரம் சொல்ல வரேல்லை, அப்ப ஆர் விருப்பத்தில வீட்டில இருந்தவை ஆர் பயத்தில இருந்தவை எண்டும் எனக்குத் தெரியும். ஆனா இப்ப ஒருத்தரும் மறிக்காத நேரத்தில சும்மா பஞ்சியில வீட்டில இருக்கிறம் பாருங்கோ, அதுதான் எனக்கு விளங்கேல்லை.

சரி, விசயத்துக்கு வருவம். எலக்சன் நாள் விடிய எழும்பி வெளிக்கிடுறது கடைசி வேலை. வோட் போகுதோ நிக்குதோ எண்டு தீர்மானிக்கிறது அதுக்கு கன மாதம் முன்னால, வாக்காளர் இடாப்பு திருத்தேக்க. எனக்கு இது பட்டுத்தான் தெரியும். ஒரு முறை பள்ளிக்கூடத்தில லைனில முக்கால் மணித்தியாலம் நிண்டு உள்ள போனன், மேசையில இருந்த மிஸ் அடிமட்டத்தை லிஸ்டில வச்சு மேல இருந்து கீழ இழுத்துக்கொண்டு வாறா, அம்மான்ர பேர் வருது, அப்பான்ர வருது, தங்கச்சின்ர வருது, அடுத்த வரி பக்கத்து வீட்டு அண்ணை. என்ர இல்லை. திரும்பவும் அடிமட்டத்தை மேல கொண்டு போய் இழுத்துப் பாத்தா. பின்னால நிண்ட ஆக்கள் முணுமுணுக்கத் தொடங்கீட்டினம். நான் அந்த வருசம் கொழும்பில வேலை, படிவம் வந்த நேரம் வீட்டில "அவன் இங்க இல்லை" எண்டு சாதாரணமாச் சொல்லியிருக்கினம், கதை முடிஞ்சுது. கொழும்பிலயும் பதியேல்லை, இங்கயும் வெட்டுப்பட்டுப் போச்சு. ஆரையும் குறை சொல்லேலாது, நான்தான் பாக்கேல்லை.

அதால செய்ய வேண்டியது இதுதான். வருசா வருசம் இடாப்பு திருத்துவினம், விதானையார் (கிராம அலுவலர்) மூலமா படிவம் வரும், இல்லாட்டி பழைய விபரம் சரியோ எண்டு கேட்டு விடுவினம். அந்த நேரம் வீட்டில ஆர் ஆர் நிரந்தரமா இருக்கினம் எண்டதை ஒழுங்கா எழுதுங்கோ, கலியாணம் கட்டி வந்த மருமகளின்ர பேரைச் சேருங்கோ, செத்த ஆக்களின்ர பேரை எடுக்கச் சொல்லுங்கோ (செத்தவர் வந்து வோட் போட்ட கதையள் எங்கட ஊரில கேள்விப்படாத ஆக்கள் இருக்கினமோ). ஒராளுக்கு ஒரு விலாசம்தான், அங்கயும் இங்கயும் ரெண்டு இடத்தில இருக்கேலாது. பேந்து திருத்தின லிஸ்ட் விதானையார்ட ஒஃபிசிலயும் பிரதேச செயலகத்திலயும் பார்வைக்குப் போடுவினம், பேர் இல்லையெண்டா அந்த நேரம் உரிமை கோரி எழுதிக் குடுக்கலாம். போக நேரமில்லையெண்டா தேர்தல் ஆணைக்குழுவின்ர வெப்சைட்டில அடையாள அட்டை இலக்கத்தை அடிச்சுப் பாருங்கோ, ரெண்டு நிமிசம். 18 வயசு முடியிற பிள்ளையளுக்கு முந்தின மாதிரி அடுத்த வருசம் மட்டும் காத்திருக்கத் தேவையில்லை, இப்ப இடையில துணை இடாப்பு எண்டு ஒண்டு போடுகினம், ஆனா நீங்கள் போய்க் கேட்டாத்தான் வரும்.

இந்த இடாப்பில இன்னொரு விசயமும் கிடக்கு. பாராளுமன்றத்தில மாவட்டங்களுக்குப் போற 196 ஆசனத்தில 160 ஐப் பிரிக்கிறது இடாப்பில இருக்கிற பேரை எண்ணித்தான். யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேந்த எங்கட தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல 9 ஆசனம், 2015 இலயும் 2020 இலயும் 7, 2024 இல 6. சண்டையில போனது, வெளிநாட்டுக்குப் போனது, அதெல்லாம் பெரிய காரணம், அதை இனி ஒண்டும் செய்யேலாது. ஆனா ஊரிலயே இருந்துகொண்டு பதியாம விடுற ஆக்களும் அந்தக் கணக்கிலதான் குறையினம். நீங்கள் வோட் போடாட்டியும் பரவாயில்லை, பேரையாவது பதியுங்கோ எண்டு சொல்லுற அளவுக்கு எனக்கு இதில விசர்.

அடுத்தது அடையாள அட்டை. வாக்காளர் அட்டை தபால்காரர் கொண்டு வந்து தருவார், வராட்டி தபால் கந்தோரில போய்க் கேக்கலாம், எலக்சன் நாளில கூடக் கேக்கலாம், ஆனா அது இல்லாமலும் வோட் போடலாம், இடாப்பில பேர் இருந்தாச் சரி. ஆளை அடையாளம் காட்டுற அட்டை ஒண்டும் இல்லாமத்தான் போடேலாது. தேசிய அடையாள அட்டை (ஐ.சி.) இல்லையெண்டா காலாவதியாகாத பாஸ்போட், லைசென்ஸ், பென்சன் காட், முதியோர் அட்டை இதில ஒண்டு. ஒண்டுமே இல்லாத ஆக்களுக்கு விதானையார் மூலமாத் தேர்தலுக்கெண்டு தற்காலிக அட்டை எடுக்கலாம், அதுக்குப் படம் எல்லாம் வேணும், எலக்சனுக்கு முதல் நாள் ஓடிப்போய் நிண்டு சரிவராது.

கொழும்பில வேலை செய்யிறவை, வோட் போடப் போக முதலாளி லீவு தரோணும், தூரத்துக்கு ஏத்தபடி, சம்பளமும் வெட்டேலாது, சட்டத்தில கிடக்கு. எழுத்தில கேளுங்கோ, வாயால கேட்டா "பாப்பம் பாப்பம்" எண்டுதான் வரும். ரெயினுக்கும் பஸ்ஸுக்கும் முன்னமே புக் பண்ணுங்கோ. வெளிநாட்டில இருந்துகொண்டு தபாலில போடுற வசதி இங்க இல்லை, தபால் வாக்கு அரசாங்க உத்தியோகத்தர் மாதிரி ஆக்களுக்குத்தான். அதால கனடாவில இருந்து வட்ஸ்அப்பில ஆருக்குப் போடோணும் எண்டு ஓடர் போடுற சித்தப்பாமாருக்கு "ஓம் சித்தப்பா" எண்டு ஒரு வொயிஸ் மெசேஜ் அனுப்பிப்போட்டு உங்கட அலுவலைப் பாருங்கோ.

இனி வாக்குச்சீட்டு. இதிலதான் கன வோட் அநியாயமாப் போகுது. மூண்டு எலக்சனுக்கு மூண்டு விதம், ஒண்டில செய்யிறதை மற்றதில செய்தா வோட் பழுதாகலாம்.

பாராளுமன்றம் எண்டா முதல்ல கட்சி, இல்லாட்டி சுயேச்சைக் குழுவின்ர சின்னத்துக்கு நேர ஒரு புள்ளடி (X). அதுதான் வோட். பேந்து கீழ கிடக்கிற இலக்கங்களில உங்களுக்கு விருப்பமான ஒண்டு, ரெண்டு, கூடினா மூண்டு பேருக்குப் புள்ளடி, அது விருப்பு வாக்கு. என்ர பெரியம்மா என்ன செய்தவ தெரியுமோ, பொடியள் கொண்டு வந்து குடுத்த நோட்டீசில வேட்பாளரின்ர இலக்கம் தேங்காய் அளவில அடிச்சிருந்தது, சின்னம் மூலையில. மனுசி அந்த மூண்டு இலக்கத்தையும் பாடமாக்கிக்கொண்டு போய் மூண்டுக்கும் வடிவாப் புள்ளடி போட்டுட்டு வந்து, பின்னேரம் கலண்டர் தாளைக் கிழிச்சு அதின்ர பின்பக்கத்தில பென்சிலால கீறிக் காட்டுறா, "இஞ்சை பார் தம்பி, கோட்டில கூட முட்டேல்லை". மேல சின்னத்துக்குப் போட்டனீங்களோ பெரியம்மா எண்டு கேட்டன். "அதுக்கும் போடோணுமோ?" அந்த வோட் கழிக்கிற பெட்டிக்கை போனது. மற்றப்பக்கமா, சின்னத்துக்குப் போட்டு இலக்கத்துக்கு ஒண்டும் போடாட்டி வோட் செல்லும், மூண்டுக்கு மேல இலக்கம் போட்டீங்கள் எண்டா விருப்பு வாக்குத்தான் பழுது, கட்சி வோட் செல்லும். இன்னொண்டு, இலக்கம் எல்லாக் கட்சிக்கும் பொது. வீட்டுச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டுட்டு வேற கட்சியில நிக்கிற 4 ஆம் இலக்கத்துக்குப் போட்டா, அது வீட்டுச் சின்னத்தில நிக்கிற 4 ஆம் இலக்கக்காரருக்குத்தான் போகும். 6 ஆசனத்துக்கு ஒரு லிஸ்டில 9 பேர் நிப்பினம், அதால போக முதல் வீட்டில ஒரு துண்டில எழுதிப் பாத்துக்கொண்டு போங்கோ.

ஜனாதிபதி எலக்சனில 1, 2, 3 எண்டு போடலாம், இல்லாட்டி ஒராளுக்கு மட்டும் ஒரு புள்ளடி. ரெண்டையும் கலக்க வேண்டாம். 1 போடாம 2 மட்டும் போட்டாச் செல்லாது. எங்கட ஆக்கள் 2 ஐ ஒருத்தரும் கணக்கெடுக்கிறதில்லை, 2024 செப்டெம்பர் வரைக்கும் அது எண்ணுப்பட்டதும் இல்லை. அந்த முறை ஒருத்தரும் பாதி எடுக்காததால முதல் தடவையா ரெண்டாம் விருப்பு எண்ணினவை. முதல் ரெண்டு பேரையும் விட்டு மற்ற ஆக்களுக்கு விழுந்தது 33 இலட்சம் வோட், அதில இந்த ரெண்டு பேருக்கும் 2, 3 எண்டு போய்ச் சேந்தது மொத்தம் 2 இலட்சத்து 73 ஆயிரம்தான். யாழ்ப்பாணத்தில சங்குச் சின்னத்தில நிண்ட தமிழ்ப் பொது வேட்பாளருக்குப் போட்ட ஆக்கள் கனக்க. அதில எத்தினை பேர் 1 ஐப் போட்டுட்டு வந்திட்டினம் எண்டு நினைச்சுப் பாருங்கோ. மனசுக்குப் பிடிச்சவருக்கு 1 ஐப் போடுங்கோ, வெல்லக்கூடிய ரெண்டு பேரில ஆர் வந்தா கொஞ்சம் பரவாயில்லை எண்டதுக்கு 2 ஐப் போடுங்கோ, 1 குறையாது. 2 வேண்டாம் எண்டு பிடிவாதம் பிடிக்கிற ஆக்களோட எனக்குச் சண்டை இல்லை, தெரிஞ்சு விடுறது வேற தெரியாம விடுறது வேற.

பிரதேச சபை, மாநகர சபைக்கு ஒரு புள்ளடிதான், அவ்வளவும்தான். அதுக்குத்தான் ஆக்கள் போறது குறைவு, எனக்கெண்டா அதுதான் முதல் போகோணும். ஒழுங்கை லைற் எரியிறது, மாரியில வாய்க்கால் அடைச்சு முத்தத்துக்க தண்ணி வாறது, குப்பை ட்ரக்டர் வருதோ இல்லையோ, எல்லாம் அந்தச் சபையளின்ர கையிலதான். வட்டாரத்தில ஆக்கள் கொஞ்சம், உங்கட வீட்டில இருக்கிற அஞ்சு வோட்டுக்கு பாராளுமன்றத்தில இல்லாத பெறுமதி அங்க இருக்கு, வெண்டவரை நீங்கள் கோயிலடியிலயே பிடிச்சுக் கேக்கலாம். மாகாண சபையைப் பற்றி எழுத ஒண்டுமில்லை, 2013 இல வடக்குக்கு முதல் முதல் வச்சது, 2018 இல காலம் முடிஞ்சுது, அதுக்குப் பிறகு கன வருசமா எலக்சன் வைக்கேல்லை.

"எல்லாரும் கள்ளர், நான் போய்ச் சீட்டைக் கீறிப்போட்டு வருவன்" எண்டு சொல்லுற ஆக்களுக்கு ஒரு விசயம். இந்தியாவில மாதிரி ஒருவரும் வேண்டாம் எண்டு போட எங்கட சீட்டில இடம் இல்லை. நீங்கள் கீறின சீட்டையும், நித்திரைத் தூக்கத்தில ரெண்டு பேருக்குப் போட்ட ஆளின்ர சீட்டையும் ஒரே கட்டில கட்டி வைப்பினம், வீதம் பாக்கிறது செல்லுபடியான வோட்டை வச்சுத்தான். உங்கட கோவம் எண்ணுற ஐயாவைத் தாண்டிப் போகாது.

அண்டைக்குப் போகேக்க போனை வீட்டில வையுங்கோ, இல்லாட்டி வெளியில ஆரிட்டயும் குடுத்துட்டுப் போங்கோ, சீட்டைப் படம் எடுத்து பேஸ்புக்கில போட்டு பொலிசுக்கு அலைஞ்ச பொடியள் இருக்கினம். உள்ள பேரையும் இலக்கத்தையும் சத்தமா வாசிப்பினம், கட்சி ஏஜென்ட்மார் தங்கட லிஸ்டில வெட்டுவினம், வெக்கப்பட ஒண்டுமில்லை. இடது கை விரலில மை பூசுவினம், தட்டிக்குப் பின்னால நிண்டு ஆறுதலாப் போடலாம், அவசரப்படுத்த ஒருத்தருக்கும் உரிமை இல்லை. உங்கட பேரில ஆரோ முன்னமே போட்டுட்டினம் எண்டா சண்டை பிடிக்காம அங்க பொறுப்பா இருக்கிற அதிகாரியிட்டச் சொல்லுங்கோ, எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேற சீட்டு ஒண்டு தருவினம். கண் தெரியாத, நடக்கேலாத ஆக்கள் துணைக்கு ஒராளைக் கூட்டிக்கொண்டு போகலாம், அதுக்கு ஒரு படிவம் கிடக்கு, முன்னமே விதானையாரிட்ட வாங்கி அரசாங்க டொக்டரிட்டக் காட்டி நிரப்போணும். கட்சிக்காரர்ட வானில ஏற வேண்டாம், அது சட்டப்படி பிழை, ஒரு ஓட்டோ பிடிச்சா அம்மம்மாவுக்கும் மரியாதை. காலமை 7 மணிக்குத் திறந்த உடன போனா லைன் இல்லை, 4 மணிக்குப் பூட்டுவினம்.

இதெல்லாத்தையும் என்ர மச்சானுக்கு வாயால சொன்னதுதான் பேந்து எழுதுவம் எண்டு நினைச்சது. சந்திக் கடையில "உதுக்கேன் லைனில நிப்பான்" எண்டு கூடச் சத்தம் போடுறவன் அவன்தான். போன கிழமை ரகசியமா வெப்சைட்டில அடிச்சுப் பாத்திருக்கிறான், தன்ர பேர் கிடக்காம், மனுசியின்ர பேர் கலியாணம் கட்டி ஆறு வருசமாகியும் இன்னும் சுன்னாகத்தில மாமி வீட்டு விலாசத்திலயாம். இப்ப ரெண்டு பேரும் விதானையார் எந்தெந்த நாள் ஒஃபிசில நிப்பார் எண்டு கேட்டுத் திரியினம்.