கிடைத்ததை எடுத்து வாருங்கள் என்று சொல்லாதீர்கள்

சென்ற மாதம் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், தொன்மை மன்றத்துக்குப் புதிதாகப் பொறுப்பேற்ற ஆசிரியை மம்மி பாடம் நடத்துவதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். 15 ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகள் வரிசை மாறாமல் வந்தன. ஆண்டைத் தப்பாகச் சொல்வது, மங்கலான படத்தைக் காட்டுவது போன்றவை பழகப் பழகத் தானே சரியாகிவிடும். அவற்றை விடுகிறேன். தானே சரியாகாதவை இவை.

சாபக் கதையில் தொடங்குவது

எகிப்திய அரசன் துட்டன்காமனின் கல்லறையைத் திறந்தவர்களைச் சாபம் கொன்றது என்பது கதை. அதைத் தேடப் பணம் கொடுத்த கார்னர்வன் 1923-இல், கொசுக்கடி சீழ்பிடித்து இறந்தார். கல்லறையைத் திறந்த ஹோவர்ட் கார்ட்டர் 1939 வரை இருந்தார். இவ்வளவு போதும்.

உப்பைக் கரும்பலகையில் விளக்குவது

எகிப்தியர் உடலை நேட்ரான் உப்பில் சுமார் 40 நாள் வைத்து ஈரத்தை வாங்கினார்கள். துணி சுற்றி முடிக்க மொத்தம் 70 நாள். ஆசிரியை ‘நீரகற்றம்’ என்று பெரிதாக எழுதினார். பிள்ளைகளின் முகம்தான் காய்ந்தது. உப்புக்கண்டம் போடும் ஊரில் இதற்கு ஏன் கரும்பலகை? மொட்டை மாடியில் கயிற்றில் தொங்கும் கறித் துண்டு பத்து நாளில் என்ன ஆகிறது என்று கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

படைப்பை மறப்பது

பாடம் நம் ஊர் முதுமக்கள் தாழிக்கு, அதாவது இறந்தவர்களைப் புதைத்த பெரிய மண்பானைக்கு, வந்தது. தாழிக்குள் எதற்குக் கிண்ணம் என்று ஒரு பெண் கேட்டாள். அவள் வீட்டில் முன்னோருக்குப் போடும் படைப்பில் என்னென்ன வைப்பார்கள் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். செத்தவர்களுக்குப் புடவையும் சாப்பாடும் வைப்பது அவளுக்குப் புதிதா என்ன?

எலும்போடு செல்ஃபி

வேண்டாம்.

‘எடுத்து வாருங்கள்’

இதற்கு மட்டும் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. பாடம் முடிந்ததும் ஆசிரியை சொன்னார்: “உங்கள் ஊரில் தாழி ஓடு, எலும்பு ஏதாவது கிடந்தால் எடுத்து வாருங்கள்.” பிள்ளைகள் முன்னால் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இதே வாக்கியத்தை நான் சொன்னதற்கு அடுத்த திங்கட்கிழமை, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் யூரியா சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கண்மாய்க் கரையில் மண் வெட்டிய பள்ளத்தில் தாழியின் வாய் தெரிந்ததாம். அண்ணனும் அவனும் கடப்பாரையால் உடைத்து அள்ளியிருக்கிறார்கள். மேசையில் கொட்டினான்: கறுப்பு சிவப்பு ஓடுகள், துருவேறிய இரும்புத் துண்டு, பாதித் தொடை எலும்பு, தேய்ந்த பற்கள் மூன்று. வகுப்பே கைதட்டியது. வெட்கமில்லாமல் நானும் தட்டினேன்.

பிறகுதான் கேட்கத் தோன்றியது. இரும்பு தாழிக்குள் இருந்ததா, வெளியிலா? எலும்பு கிண்ணத்துக்கு மேலா, அடியிலா? “எல்லாம் ஒன்றாகத்தான் சார் கிடந்தது” என்றான். அவனைச் சொல்லி என்ன? முழு உடலாகப் புதைத்தார்களா, எலும்புகளை மட்டும் பொறுக்கிப் பின்னர் தாழியில் இட்டார்களா என்பதை, எது எங்கே கிடந்தது என்பதுதான் சொல்லும். உள்ளே இருந்த மண்ணைச் சலித்திருந்தால் ஒரு தானியமாவது அகப்பட்டிருக்கலாம். நம் ஊர் வெயிலில் பழைய எலும்பில் மரபணு மிஞ்சுவதே அரிது. மிஞ்சியதன் மேல் 40 பிள்ளைகளின் கை வியர்வையை ஏற்றிவிட்டோம்.

பெரியவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். ஆல்ப்ஸ் பனியில் 5,300 ஆண்டுகள் கிடந்த, ஓட்சி என்று பெயரிடப்பட்ட மனித உடலை, 1991-இல் யாரோ மலையேறியின் பிணம் என்று நினைத்து இயந்திரத்தால் பனியை உடைத்து, இடுப்பைச் சிதைத்தார்கள்.

இப்போது நான் பிள்ளைகளிடம் சொல்வது: தொடாதே. பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடு. எந்த மடையிலிருந்து எத்தனை தப்படி என்று எண்ணிக்கொள். கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ச் சொல். மண்ணுக்குள் கிடைப்பதை அரசுக்குத் தெரிவிக்கச் சொல்லும் புதையல் சட்டம் 1878-இலிருந்தே இருக்கிறது.

அந்தச் சாக்கை நானும் கொண்டுபோய் ஒப்படைத்தேன். ரசீதில் ‘உடைந்த பானை, எலும்பு - 1 சாக்கு’ என்று எழுதினார்கள். கிடைத்த இடம் என்ற கட்டத்தில் எங்கள் பள்ளியின் பெயர் இருந்தது.