அம்மா ஊருக்குக் கிளம்பும்போது லீவு எடுங்கள்

கலிபோர்னியாவில் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே வீட்டில் விசேஷமா? வாழ்த்துகள். முதலில் டாக்டரைப் பாருங்கள், அப்புறம் உங்கள் பே ஸ்டப்பைப் பாருங்கள். அதில் சிஏ எஸ்டிஐ (மாநில இயலாமைக் காப்பீடு) என்று ஒரு பிடித்தம் இருக்கும். ஏதோ வரி என்று நானும் ஒரு வருடம் கண்டுகொள்ளவே இல்லை. பிள்ளை பிறந்தபின் லீவில் இருக்கும்போது பணம் வருவது அதிலிருந்துதான்.

ஊரில் பிரசவ லீவு என்றால் லீவும் சம்பளமும் சேர்ந்தே வரும். இங்கே வேலையைக் காப்பது ஒரு சட்டம், பணம் தருவது வேறொரு திட்டம். இது புரிய எனக்கு நாளாயிற்று.

1993-இல் வந்த எஃப்எம்எல்ஏ என்ற மத்திய சட்டம் வருடத்துக்கு 12 வாரம் லீவு தரும். சம்பளம் கிடையாது. அதுவும் 50 பேராவது இருக்கும் கம்பெனியில் 12 மாதம் முடித்து, அந்த ஒரு வருடத்தில் 1,250 மணி நேரம் உழைத்திருந்தால்தான். மாநிலத்தின் சிஎஃப்ஆர்ஏ சட்டம் 2021 முதல் 5 பேர் உள்ள கம்பெனிக்கும் பொருந்தும், ஆனால் அந்த 12 மாதக் கணக்கு அதிலும் உண்டு. புதிதாக வந்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். தாய்க்கு மட்டும் தனிச் சட்டம் இருக்கிறது: கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ வேலை பார்க்க முடியாத நாட்களுக்கு, அதிகபட்சம் 4 மாதம். சர்வீஸ் கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது.

பணத்துக்கு இடிடி என்ற மாநிலத் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். பிரசவத்துக்கு முன் பொதுவாக 4 வாரம், பின் 6 வாரம், சிசேரியன் என்றால் 8. அதன்பிறகு பிள்ளையோடு இருக்க தாய்க்கு 8 வாரம், அப்பாவுக்கும் 8 வாரம். 2025 முதல் சம்பளத்தில் 70 முதல் 90 சதவீதம். வாராந்திர உச்சவரம்பு உண்டு, ஐடி சம்பளக்காரர்கள் பெரும்பாலும் அதில் முட்டி நிற்பார்கள். எச்-1பி விசாவில் இருப்பவர்களும் கேட்கலாம். ஆனால் இடிடி பார்ப்பது சுமார் 5 முதல் 18 மாதத்துக்கு முந்தைய சம்பளத்தை. வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்றால் கைக்கு எதுவும் வராது.

அப்பாக்களுக்கு ஒரு யோசனை. உங்கள் 8 வாரத்தைப் பிள்ளை பிறந்த உடனே செலவழிக்காதீர்கள். ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்தும் எடுக்கலாம். விசிட்டர் விசாவில் வரும் அம்மாவுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் தருவார்கள். அதுவரை பத்தியச் சமையலுக்கும் குளிப்பாட்டவும் வீட்டில் கை இருக்கும். எங்கள் வீட்டில் அம்மாவை விமானம் ஏற்றிய மறுநாள் காலை, ஒரு தோளில் பிள்ளை, கையில் பால் புட்டி, எதிரே லேப்டாப்பில் மேனேஜர். என் லீவு எப்போதோ தீர்ந்திருந்தது. பொறுத்து எடுத்தால் இன்னொரு லாபமும் உண்டு: அதற்குள் உங்கள் 12 மாதம் முடிந்து, வேலைக்கும் பாதுகாப்பு வந்திருக்கலாம்.

லீவு தொடங்கிய 41 நாளுக்குள் இடிடியில் விண்ணப்பித்துவிடுங்கள். எச்.ஆரிடம் ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொல்லுங்கள். பிள்ளையை 30 நாளுக்குள் இன்சூரன்ஸில் சேர்த்துவிடுங்கள், இதைத் தள்ளிப்போடவே கூடாது.

ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் இந்த லீவு பொருந்தும். மாமனார், மாமியார் மத்திய சட்டத்தில் வரமாட்டார்கள், ஆனால் 2022 முதல் மாநிலச் சட்டத்தில் வருவார்கள். ஊர் டாக்டர் தரும் சான்றிதழை மத்திய சட்டம் ஏற்கிறது. ஆகவே அந்தச் சான்றிதழுக்கான படிவத்தை இங்கேயே அச்செடுத்துக் கையோடு கொண்டுபோய், டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துக் கிளம்புவதற்குள் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.