கணக்கு வரவில்லையா, இங்கிலீஷ் வரவில்லையா?

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று சொல்லிச் சொல்லியே எங்களுக்கு ஒரு மிதப்பு வந்துவிட்டது. முக்கூடலிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் பஸ் ஏறி இந்த ஆக்ஸ்ஃபோர்டின் கல்லூரிகளுக்கு வருகிற, வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பிள்ளைகளில் சிலர், முதல் செமஸ்டர் அல்ஜீப்ராவிலேயே அரியர் வைத்துவிடுகிறார்கள். அதில் பாடம் நடத்துகிறவர்களின் தவறும் உண்டு. நானும் செய்தவன்தான்.

முதல் தவறு, 'இவளுக்கு அடிப்படையே இல்லை' என்று முதல் வாரத்திலேயே முடிவு கட்டுவது. போர்டில் 'ஃபேக்டரைஸ்' என்று எழுதினேன், ஒருத்தி விழித்தாள். 'காரணிப்படுத்தும்மா' என்றதும் நான் அடுத்த கணக்கை எழுதுவதற்குள் முடித்துவிட்டாள். தமிழ் வழியில் படித்தவர்கள் இருபடிச் சமன்பாட்டைப் பத்தாம் வகுப்பிலேயே பார்த்தவர்கள். பல்லுறுப்புக்கோவை, அணிக்கோவை எல்லாம் பழகிய சரக்கு. 'பாலினாமியல்', 'டிடர்மினன்ட்' என்று பெயர் மாறினதும் ஆள் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்காக முழுக்கத் தமிழிலேயே நடத்திவிட்டால், மேற்படிப்பில் அந்தப் பிள்ளை மறுபடியும் விழிப்பாள். இரண்டு பெயரையும் ஒரு சார்ட்டில் எழுதி, செமஸ்டர் முடியும்வரை சுவரில் தொங்கவிடுங்கள்.

அடுத்தது, 'அந்தப் பக்கம் போனா மைனஸ்' என்ற மந்திரம். 3எக்ஸ் = 12 என்றால், 3-ஐ அந்தப் பக்கம் தள்ளி, கழித்து, 9 என்று எழுதுகிற கை இதிலிருந்துதான் வருகிறது. எதுவும் எங்கேயும் போகவில்லை. இரண்டு பக்கத்தையும் 3-ஆல் வகுக்கிறோம், விடை 4. பள்ளியில் ஒட்டிக்கொண்ட அந்த மந்திரத்தைக் கழற்ற ஒரு வாரம் செலவானாலும் பரவாயில்லை.

(அ + ஆ)²-ஐ அ² + ஆ² என்று எழுதுவதும் இதே ரகம். சூத்திரத்தை நூறு தடவை எழுதச் சொல்வதற்குப் பதில், பத்தமடைப் பாய் ஒன்றை விரித்ததாக நினைக்கச் சொல்லுங்கள். நீளம் 7, அகலம் 7. இரண்டு பக்கத்தையும் 3, 4 என்று பிரித்துக் கோடு போட்டால் 9, 16 போக 12, 12 என்று இரண்டு துண்டு மிச்சம். மொத்தம் 49. அந்த இரண்டு 12-தான் சூத்திரத்தில் நடுவில் வருகிற 2அஆ. அது எங்கிருந்து வந்தது என்று யாரும் அப்புறம் கேட்பதில்லை.

உள்ளூர் உதாரணத்திலும் கவனம் வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்பது நேரியல் சமன்பாட்டுக்கு அருமையான கணக்கு. ஆனால் 'உங்க வீட்ல பீடி சுத்துவாங்கல்லா?' என்று ஒருத்தியை எழுப்பி நிறுத்திக் கேட்டுவிட்டால், அவள் அதற்குப்பிறகு உங்கள் வகுப்பில் வாய் திறக்கமாட்டாள்.

'புரிஞ்சுதா?' என்று கேட்பதும் வீண். வகுப்பே 'புரிஞ்சிட்டு சார்' என்று சொல்லும். துண்டுத்தாளில் ஒரு கணக்கு, பெயர் எழுத வேண்டாம், இரண்டே நிமிஷம். எத்தனை பேருக்குப் புரியவில்லை என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக, சிறப்பு வகுப்பை மாலை ஐந்து மணிக்கு வைப்பது. பெண் பிள்ளைகள் காசு கொடுக்காமல் போகிற சாதாரண டவுன் பஸ்ஸை விட்டால், அடுத்ததற்கு நிற்க வேண்டும். வீட்டிலும் பதில் சொல்ல வேண்டும். வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று நான் ஒரு வருஷம் முழுக்கத் திட்டியிருக்கிறேன். அப்புறம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிஷம் என்று மாற்றினேன். திட்டு வாங்கியவர்கள்தான் டிபன் டப்பாவோடு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.