கேரவன் பிரிட்ஜை முந்தின நாளே போட்டுவிடுங்கள்

போன சித்திரையில் ஈரோட்டிலிருந்து ஆனைமலைப் பக்கம் சொந்தக்காரர் தோப்புக்குக் கேரவனை, அதாவது படுக்கை, சமையல் வசதியோடு காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற வண்டியை, இழுத்துக்கொண்டு போனோம். கிளம்புகிற அன்று காலை ஆறு மணிக்குத்தான் பிரிட்ஜை ஆன் செய்தேன், ஏழு மணிக்கு ஒரு தூக்குப்போசி இட்லி மாவு, ஊத்துக்குளி வெண்ணெய், தயிர், கறி எல்லாவற்றையும் உள்ளே திணித்துவிட்டு வண்டியை எடுத்துவிட்டேன். மத்தியானம் பொள்ளாச்சி தாண்டி நிறுத்திக் கதவைத் திறந்தால், மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு கீழ்த்தட்டுத் தக்காளி மேலெல்லாம் வழிந்து கிடக்கிறது. "ஏங்கண்ணு, இது பிரிட்ஜா, மாவு புளிக்க வைக்கிற பொட்டியா?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிரிட்ஜில் ஒரு கோளாறும் கிடையாது, அதை வீட்டுப் பிரிட்ஜ் மாதிரி நினைத்ததுதான் தப்பு. கேரவனில் வரும் கேஸ் பிரிட்ஜில் கம்ப்ரஸரே இல்லை. 1922-இல் ஸ்வீடனில் வான் பிளாட்டன், மண்டர்ஸ் என்று இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை அது: அம்மோனியா கலந்த தண்ணீரைப் பின்னால் ஒரு குழாயில் சூடாக்கினால் அம்மோனியா ஆவியாகிப் பிரிந்து, குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் இருக்கும் பகுதியில் மறுபடி ஆவியாகும்போது உள்ளேயிருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். அந்தச் சூடு கேஸ் தீயிலிருந்து வரலாம், 230 வோல்ட்டிலிருந்து வரலாம், கார் பேட்டரியின் 12 வோல்ட்டிலிருந்தும் வரலாம். சத்தமே வராது, ஆனால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். குளிர்ந்ததைக் குளிராக வைத்திருக்கும், சூடானதைச் சட்டென்று குளிர வைக்காது.

அதனால் கிளம்புவதற்கு ஒரு நாள் முன்னாடியே, வீட்டு வாசலில் நிற்கும்போதே, 230 வோல்ட்டில் போட்டுவிடுங்கள். குறைந்தது பன்னிரண்டு மணி நேரம், கோடையில் முழு நாள். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு வையுங்கள், அது 4, 5 டிகிரிக்கு வந்த பிறகு சாமானை வைக்கலாம். சாமானும் வீட்டுப் பிரிட்ஜில் ஏற்கெனவே குளிர்ந்ததாக இருக்கட்டும், கறியைக் கட்டியாக உறைய வைத்து மூடிய டப்பாவில் கீழ்த்தட்டில் வையுங்கள். இரண்டு தண்ணீர் பாட்டிலை முக்கால் அளவு நிரப்பி வீட்டு ஃப்ரீசரில் உறைய வைத்து உள்ளே போட்டால் பாதி வேலை முடிந்தது. மாவு கொண்டுபோயே ஆக வேண்டுமென்றால், ஆட்டியவுடன் புளிக்க விடாமல் குளிர வைத்து, போசியில் பாதிக்கு மேல் ஊற்றாமல் எடுத்துப் போங்கள். அடைத்து வைக்காதீர்கள், காற்று சுற்ற இடம் வேண்டும், அலுமினியத் தகடு வரிசையாக இருக்கும் இடத்தை மறைக்கவே கூடாது.

ஓடும்போது 12 வோல்ட்டில் வையுங்கள். அது பத்துப் பதினைந்து ஆம்பியர் இழுக்கும், இன்ஜின் ஓடினால் பரவாயில்லை, இன்ஜினை அணைத்துவிட்டு டீக்கடையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து கதை பேசினால் பேட்டரி படுத்துவிடும். காரிலிருந்து வரும் வயர் தடிமனாக இல்லையென்றால் வழியிலேயே வோல்ட்டேஜ் விழுந்துவிடும். கேஸைப் பற்ற வைத்துக்கொண்டு பெட்ரோல் பங்குக்குள் நுழையாதீர்கள், என்னைக் கேட்டால் வண்டி நகரும்போது சிலிண்டர் வால்வையே மூடிவிடுவேன். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும், அதனால் கசிவு காட்டும் கருவியைத் தரையை ஒட்டி மாட்டுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை மட்டம் பார்ப்பது. பிரிட்ஜுக்குள் ஓடும் திரவம் தன் கனத்தால்தான் இறங்குகிறது, சாய்ந்து நின்றால் ஓரிடத்தில் தேங்கிக் குளிர் நின்றுபோகும், நாள் கணக்கில் அப்படியே ஓட்டினால் குழாய் அடைத்து பிரிட்ஜே போய்விடும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை பிரிட்ஜ் தரையில் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பார்த்து, சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்துச் சரி செய்யுங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது திரவம் ஆடிக்கொண்டே இருப்பதால் பாதகமில்லை, சரிவில் நெடுநேரம் நிற்க வேண்டி வந்தால்தான் அணைக்க வேண்டும். ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: 2,240 மீட்டரில் காற்று மெலிசு, கேஸ் தீ ஒழுங்காக எரியாது, கரண்ட் கிடைக்கும் இடமாகப் பாருங்கள்.

கரண்ட் என்றதும் தோப்பு ஞாபகம் வருகிறது. மோட்டார் ரூமில் பிளக் இருக்கிறதே என்று சொருகாதீர்கள், அந்த இலவச மின்சாரம் பம்புசெட்டுக்குக் கொடுத்தது. வீட்டு லைனிலிருந்து எடுத்தாலும் வோல்ட்டேஜைப் பாருங்கள். 230-க்குப் பதில் 180 வந்தால் சூடு முக்கால்வாசியாவது கிடைக்கும் என்று நான் நினைத்திருந்தேன், கணக்குப் போட்டால் அறுபது சதவீதம்தான், வோல்ட்டேஜ் குறைந்தால் சூடு அதன் வர்க்கத்தில் குறைகிறது. லைட் எரிகிறது, பிரிட்ஜ் குளிரவில்லை என்று குழம்புவதற்கு இதுதான் காரணம். அந்த நேரத்தில் கேஸுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜ் இருக்கும் பக்கம் மேற்கு வெயிலில் படாமல் நிறுத்துங்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் வெளிச்சுவரில் காற்றுப் போக இருக்கும் தட்டியைக் கழற்றிப் பார்த்தால் நம்மூரில் கட்டாயம் குளவிக் கூடு இருக்கும், பர்னரில் சிலந்தி வலை இருக்கும், இரண்டையும் கிளம்பும் முன்னே துடைத்துவிடுங்கள். மேல் தட்டியில் கம்ப்யூட்டருக்குப் போடுவது போல ஒரு சின்ன 12 வோல்ட் ஃபேன் மாட்டினேன், கரூர் வெயிலில் அதன் அருமை தெரிந்தது. அம்மோனியா நெடி வந்தால் மட்டும் யோசிக்காதீர்கள்: அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே. அந்த யூனிட்டை மாற்றத்தான் வேண்டும்.

குடிக்கிற தண்ணீருக்கும் குழந்தைகளின் ஜூஸுக்கும் தனியாக ஒரு ஐஸ் பெட்டி. அது மட்டும் செய்தாலே கதவு நாளுக்கு நாற்பது தடவை திறப்பது நின்றுவிடும், இந்தப் பிரிட்ஜ் ஒவ்வொரு தடவை இழந்த குளிரையும் மீட்க வெகுநேரம் பிடிக்கும்.

திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, சமையல் சோடா கலந்த தண்ணீரில் துடைத்து, கதவை மூடாமல் விடுங்கள். மூடினால் பத்தே நாளில் பூஞ்சை பிடித்து நாறும். நான் கதவிடுக்கில் ஒரு துண்டுத் தேங்காய் மட்டையைச் செருகி வைக்கிறேன்.