பள்ளியில் பன்முக விழா: நல்ல மனசோடு செய்கிற தவறுகள்

மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு தவறு செய்தேன். வகுப்பில் புதிதாக ஒரு சிறுமி சேர்ந்திருந்தாள். அவளுடைய அப்பா அம்மா வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். பள்ளியில் பல பண்பாட்டு நாள் வந்தபோது, "உங்க ஊர் டிரஸ்ல வாம்மா, உங்க ஊரைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசு" என்று சொல்லி அனுப்பினேன். அவள் சீருடையிலேயே வந்து நின்றாள். கையில் இணையத்திலிருந்து எடுத்த ஒரு தாள். அதிலிருந்த ஆறு, மலைப் பெயர்களைத் திக்கித் திக்கி வாசித்தாள். முடித்துவிட்டு என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "மிஸ், நான் அங்க போனதே இல்ல."

அவள் பிறந்தது பள்ளியிலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி. அவளைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு, "நீ இந்த ஊர்க்காரி இல்லை" என்று வகுப்பு முன்னால் அவள் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறேன்.

பன்முகத்தன்மையைக் கொண்டாடுகிறோம் என்று தொடக்கப் பள்ளிகளில் நடக்கிற சறுக்கல்கள் பெரும்பாலும் இந்த வகைதான். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் கூட்டத்தில் ஒருத்தியாகச் சேர வேண்டிய பிள்ளை, கூட்டம் வேடிக்கை பார்க்கிற பொருளாகிவிடுகிறாள்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாட்டையோ மதத்தையோ சமூகத்தையோ விளக்குகிற வேலை வேண்டாம். "உங்க ஆளுங்க எல்லாரும் இப்படித்தானா?" என்று யாராவது கேட்க, அவள் ஏதோ ஒன்றைச் சொல்ல, அதுவே வகுப்புக்கு வேதவாக்கு ஆகிவிடும். கேள்வியை வகுப்பு முழுவதற்கும் போடுங்கள். அடுத்த மாதம் நான் அப்படிச் செய்து பார்த்தேன்: "ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி உங்க வீட்ல என்ன நடக்கும்?" பாட்டி வேறு மொழியில் கதை சொல்வாள் என்றான் ஒருவன். அப்பா அந்த நேரத்தில்தான் வேலைக்குக் கிளம்புவார் என்றாள் ஒருத்தி. ஒரு வீட்டில் பிரார்த்தனை, இன்னொரு வீட்டில் டிவி. அந்தச் சிறுமியும், அதுவரை அவளிடம் ஒரு வார்த்தை பேசாத ஒரு பையனும், அண்ணனோடு போர்வைக்காகச் சண்டை போடுகிறவர்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரும்பான்மை வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதில் லாபம் உண்டு. தங்கள் வீட்டு வழக்கமும் பல வழக்கங்களில் ஒன்று என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைக்கும். சொல்ல விருப்பமில்லாத பிள்ளையை வற்புறுத்தாமல் விட்டுவிடுங்கள்.

ஒரு நாள் கூத்து

உடை, உணவு, கொடி, நடனம். மாலையில் சுத்தம் செய்து மூட்டை கட்டினால் அடுத்த ஆண்டுதான் மறுபடி. குழந்தைக் கல்வியாளர் லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ் 1989-லேயே இதைச் 'சுற்றுலாப் பாடத்திட்டம்' என்றார். பஸ்ஸிலிருந்து இறங்கி, படம் எடுத்துக்கொண்டு, மறுபடி ஏறிவிடுவது. விழாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு அலங்காரமும் ஆட்டமும் கொள்ளைப் பிரியம். மற்ற நாட்களில் ஒன்றுமே இல்லையென்றால்தான் கோளாறு. கணக்குப் பாடத்தில் பென்சில் வாங்குகிறவர்களுக்கு என்னென்ன பெயர் வைக்கிறோம்? சுவரில் ஒட்டிய படங்களில் பண்டிகை உடையில் இருப்பவர்கள் மட்டும்தானா, பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களும் உண்டா?

தாய்மொழி நாளிலும் இதே கதைதான். 1952 பிப்ரவரி 21-இல் டாக்காவில், வங்க மொழிக்கு உரிமை கேட்டுப் போராடிய மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தத் தேதியைத்தான் யுனெஸ்கோ 1999-இல் உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. அப்படிப்பட்ட நாளில் பத்து மொழிகளில் 'வணக்கம்' எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, இடைவேளையில் இரண்டு பிள்ளைகள் வீட்டு மொழியில் பேசினால் "இங்க அதெல்லாம் பேசக்கூடாது" என்று அதட்டுகிற பள்ளிகள் இருக்கின்றன. குழுவில் கணக்குப் போடும்போது ஒரு பிள்ளை தன் மொழியில் எண்ணட்டுமே. விடை எந்த மொழியில் எண்ணினாலும் ஒன்றுதான்.

பெயரும் அப்படித்தான். "உன் பேர் வாயில நுழையல, சுருக்கிக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டால் பிள்ளை சரியென்றுதான் தலையாட்டும், வேறென்ன செய்யும்? முதல் வாரத்தில் பெற்றோரைச் சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், உங்களுக்குப் புரிகிற எழுத்தில் வருகைப் பதிவேட்டில் குறித்து வையுங்கள். பத்து தடவை சொல்லிப் பார்த்தால் எந்தப் பெயரும் வாயில் நுழையும்.

'நாங்கள் வித்தியாசமே பார்ப்பதில்லை'

பெருமையாகச் சொல்லப்படுகிற இந்த வரியை நான் நம்புவதில்லை. நாம் பார்க்காவிட்டாலும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். 2005-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், மூன்று மாதக் குழந்தைகள் தங்கள் இனத்து முகங்களைக் கூடுதல் நேரம் பார்த்தன. பிறந்த குழந்தைகளிடம் அப்படி எதுவும் இல்லை. சுற்றிலும் எந்த முகங்களோடு பழகுகிறோம் என்பதைப் பொறுத்து இது வருகிறது.

ஒரு பிள்ளை வகுப்பில் சத்தமாக, "அவன் தோல் ஏன் அப்படி இருக்கு?" என்று கேட்டால் "உஷ்!" என்று அடக்காதீர்கள். அடக்கினால், அந்தத் தோலைப் பற்றிப் பேசுவதே ஏதோ அசிங்கம் என்று கேட்டவனும் நினைப்பான், அந்தத் தோலுக்குச் சொந்தக்காரனும் நினைப்பான். "தோலில் மெலனின் என்று ஒன்று இருக்கிறது. எல்லாருக்கும் உண்டு, சிலருக்குக் கூட, சிலருக்குக் குறைவு" என்றால் போதும். கேட்டவன் அடுத்த கேள்விக்கு, அநேகமாக டைனோசருக்கு, போய்விடுவான். கிண்டலாகக் கேட்டிருந்தால் சங்கதி வேறு. அப்போது கிண்டலைக் கண்டிக்க வேண்டும், அதுவும் அந்த இடத்திலேயே.

பக்கத்தில் உட்காரவைத்தால் போதுமா?

போதாது. 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் உளவியலாளர் முசாபர் ஷெரிப் ஒரு கோடை முகாம் நடத்தினார். சுமார் 11 வயதுச் சிறுவர்கள் 22 பேர். இரண்டு அணியாகப் பிரித்துப் பரிசுக்குப் போட்டி வைத்ததும் கொடியை எரிப்பது, அடுத்தவர் குடிலுக்குள் புகுந்து கலைப்பது என்று பகை முற்றியது. (இன்றைக்கு இப்படி ஒரு பரிசோதனைக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள்.) இரு அணியையும் சேர்த்து உட்காரவைத்துப் படம் காட்டினார்கள், ஒன்றாகச் சாப்பிட வைத்தார்கள். சாப்பாட்டையே ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டதுதான் மிச்சம். முகாமுக்குத் தண்ணீர் வராமல் போய் எல்லாரும் சேர்ந்து கோளாறைத் தேடியபோதும், நின்றுபோன லாரியை எல்லாரும் கயிறு கட்டி இழுத்தபோதும்தான் பகை கரைய ஆரம்பித்தது.

உணவு விழாவை மட்டும் நம்பியிருக்கிற பள்ளிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். 'சிறந்த நாட்டு அரங்கு' என்று பரிசு கொடுக்கிற பழக்கம் இன்னும் மோசம். சேர்ப்பதற்காக வைத்த விழாவில் நாமே அணி பிரித்துப் போட்டி மூட்டுகிறோம்.

1971-இல் அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன், டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வேறு வழி பிடித்தார். வெவ்வேறு இனப் பிள்ளைகள் முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து, அடிதடி நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஐந்தாறு பேர் கொண்ட கலப்புக் குழு அமைத்து, பாடத்தைத் துண்டாக்கி, ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். ஒருவனிடம் இருப்பது மற்றவனிடம் இருக்காது. தேர்வோ முழுப் பாடத்திலும். திக்கிப் பேசுகிறவனைக் கிண்டல் செய்தால் அவன் துண்டு நமக்குக் கிடைக்காது, நஷ்டம் நமக்குத்தான். பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு சீக்கிரம் புரியும்.

மதம், மொழி, நாடு மூன்றோடு பட்டியலை முடித்துவிடுவது இன்னொரு தவறு. மேடைக்குப் படி மட்டும் இருந்தால் சக்கர நாற்காலிப் பிள்ளை கீழேயே நிற்க வேண்டியதுதான். அப்பா, அம்மா, நான்கு தாத்தா பாட்டி என்று கட்டம் போட்ட 'குடும்ப மரம்' தாளில், பெரியம்மாவிடம் வளர்கிற பிள்ளை எதை எழுதும்? கட்டமில்லாத வெள்ளைத் தாளைக் கொடுத்து, "உன்னைப் பார்த்துக்கிறவங்க யார் யார்?" என்று கேளுங்கள். தேதி குறிக்கும்போது எல்லா மதத்து நாட்காட்டியையும் பாருங்கள். இஸ்லாமிய ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான். பண்டிகைகள் வருடா வருடம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும், போன வருடத் தேதியை நம்ப முடியாது.

கடைசியாகப் பெற்றோர். "சில பெற்றோர் வருவதே இல்லை" என்று ஆசிரியர் அறையில் அலுத்துக்கொள்வோம். கூட்டத்தை வேலைநாள் காலை பதினொரு மணிக்கு வைத்துவிட்டு, அறிவிப்பை ஒரே மொழியில் அனுப்பிவிட்டு, உடைக்குத் தனியாகப் பணம் கட்டச் சொல்லிவிட்டு அலுத்துக்கொள்வோம். மொழிபெயர்க்கப் பிள்ளையையே நிறுத்துவதும் வேண்டாம். தன்னைப் பற்றிய புகாரை அதே பிள்ளை எப்படி அம்மாவிடம் சொல்லும்?

முதலில் சொன்ன சிறுமியின் அப்பா ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. மறு ஆண்டு விழாவுக்கு மேடைத் திரையை மாட்ட ஆள் தேவைப்பட்டது, ஏணியோடு வர முடியுமா என்று கேட்டனுப்பினோம். சனிக்கிழமை சாயங்காலம் ஏணியும் கருவிப்பெட்டியுமாக வந்து நின்றார். விழா அன்று திரைக்குப் பின்னால் அவளும் அந்தப் போர்வைப் பையனும் நின்றிருந்தார்கள். கயிற்றை யார் இழுப்பது என்று இருவருக்கும் சண்டை. நான் தலையிடவில்லை.