இரண்டு இடங்களை இணைக்க எந்த லிங்க்?

இரண்டு இடங்களின் கணினி நெட்வொர்க்கை இணைக்க எந்த லிங்க் (இணைப்பு) போடலாம் என்று யார் வந்து கேட்டாலும், வேண்டிய வேகத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள். நான் முதலில் கேட்பது தூரம். அடுத்து, நடுவில் என்ன இருக்கிறது.

செப்பு ஈதர்நெட் கேபிள் 100 மீட்டரோடு சரி. அதையும் கட்டடத்துக்கு வெளியே இழுக்காதீர்கள். பக்கத்தில் மின்னல் விழுந்தால் இரண்டு பக்க ஸ்விட்ச்சும் (நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் கருவி) போய்விடலாம். பள்ளம் தோண்ட அனுமதி கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், சிங்கிள் மோட் ஃபைபர் (நெடுந்தூரத்துக்கு ஒளியில் தகவல் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழை) போடுங்கள். பின்னால் வேகம் கூட்ட, பெரும்பாலும் முனையில் ஒளியை அனுப்பி வாங்கும் மாட்யூலையும் ஸ்விட்ச்சையும் மாற்றினாலே போதும்.

தோண்ட முடியாத இடத்தில் ரேடியோ லிங்க். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எதிர்க் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 5 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் என்றால், நடுவழியில் ஃப்ரெனல் மண்டலத்தின் (நேர்கோட்டைச் சுற்றி ரேடியோ அலை பரவிச் செல்லும் பகுதி) ஆரம் சுமார் 12 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது நேர்கோட்டைச் சுற்றி ஏழு மீட்டருக்கு மேல், மரமோ கூரையோ குறுக்கே வரக்கூடாது. மரம் வளரும், அதையும் கணக்கில் வையுங்கள். 60 கிகாஹெர்ட்ஸ் நல்ல வேகம் தரும். ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜனே கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபல், அதாவது அலையின் பலத்தில் பெரும்பகுதியை, விழுங்கிவிடும், மழை வேறு. குறுகிய தூரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் விட்டு ஊர் என்றால் லீஸ்டு லைன், அதாவது தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுக்கும் தனி இணைப்பு. எதுவுமே எட்டாத இடத்துக்குச் செயற்கைக்கோள். புவிநிலைச் செயற்கைக்கோள் (வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிவது) 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், பதில் வர அரை வினாடியாவது ஆகும்.

முதல் லிங்க் அறுந்தால் கைகொடுக்க மாற்று லிங்க் எடுக்கும்போது வழித்தட வரைபடத்தைக் கட்டாயம் கேளுங்கள். இரண்டு நிறுவனங்களின் ஃபைபரும் ஒரே குழாயில் போவதைப் பார்த்திருக்கிறேன். முதல் லிங்க் ஃபைபர் என்றால், மாற்று ரேடியோவாக இருக்கட்டும்.