தீவு நாட்டுக்கு மின் நிலையம்: அதிகாலை மூன்று மணிச் சுமையிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

சிறு தீவு நாட்டுக்குப் புது மின் நிலையம் என்றதும் எல்லோரும் கேட்பது, "எத்தனை மெகாவாட்?" அதற்குக் கடைசியில் பதில் சொன்னால் போதும். ஒவ்வொரு இன்ஜினும் எவ்வளவு பெரியது என்பதுதான் முதலில் முடிவாக வேண்டும். பக்கத்து கிரிட்டிலிருந்து (மின் வலைப்பின்னலிலிருந்து) கைமாற்று வாங்க வழியில்லாத இடத்தில் ஓர் இன்ஜின் டிரிப்பானால் (திடீரென நின்றுபோனால்), மற்றவை சில நொடிகளில் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். முடியாவிட்டால் நாடே இருட்டு.

சுமைக் கணக்கு

ஓராண்டின் மணிவாரிச் சுமைப் பதிவை ஃபீடர் (நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்குச் செல்லும் மின்பாதை) வாரியாக எடுங்கள். அதில் ஆண்டு உச்சம், அதிகாலைக் குறைந்தபட்சம், நண்பகல் சுமை, சராசரி ஆகிய நான்கு எண்கள் வேண்டும். மின்வெட்டு நடந்த மணிகளைத் தனியே குறியுங்கள். அந்த நேரத்தில் பதிவான சுமை உண்மையான தேவை அல்ல. சொந்த ஜெனரேட்டர் ஓட்டும் ஹோட்டல்களையும் ஐஸ் ஆலைகளையும் நேரில் விசாரியுங்கள். மின்சாரம் நம்பகமானதும் அவர்கள் எல்லோரும் உங்கள் கிரிட்டுக்கு வந்துவிடுவார்கள்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வரப்போகிறதா என்றும் கேளுங்கள். ஒரு கனமீட்டர் நீருக்கு 3 முதல் 4 யூனிட் செலவாகும். நாளுக்கு 1,000 கனமீட்டர் என்றால் ஏறத்தாழ 150 கிலோவாட் நிரந்தரச் சுமை. ஆனால் தண்ணீரைத் தொட்டியில் சேமிக்கலாம் என்பதால், இந்தச் சுமையை வேண்டிய நேரத்துக்கு நகர்த்தலாம். திட்டக்காரருக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார்.

கணக்குக்கு ஒரு தீவை எடுத்துக்கொள்வோம். உச்சம் 3.2 மெகாவாட், அதிகாலை 1.3, நண்பகல் 2.2, சராசரி 1.9. ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடியே 66 லட்சம் யூனிட்.

இன்ஜின் அளவு

விதி எளிது. இருப்பதிலேயே பெரிய இன்ஜின் ஒன்று ஓவர்ஹாலில் (பிரித்துச் செய்யும் முழுப் பராமரிப்பில்) இருக்கும்போது இன்னொன்று டிரிப்பானாலும் மீதி இன்ஜின்கள் உச்சத்தைத் தாங்க வேண்டும். உதிரி பாகம் கப்பலில் வர வாரக்கணக்கில் ஆகும் இடத்தில் இதைத் தளர்த்தக் கூடாது.

2 மெகாவாட் இன்ஜின் என்றால் நான்கு வேண்டும், மொத்தம் 8 மெகாவாட். 1.2 மெகாவாட் என்றால் ஐந்து, மொத்தம் 6 மெகாவாட்தான். இரண்டு போனாலும் 3.6 மிஞ்சும். சிறியதாக வாங்கினால் மொத்தத் திறனே குறைகிறது. சிறிய இன்ஜினில் ஒரு மெகாவாட்டுக்கு விலை கூடுதல் என்று பெரிய இன்ஜின் விற்பவர் சொல்வது உண்மைதான், ஆனால் அவர் 2 மெகாவாட் அதிகமாகவும் விற்கிறார்.

இனி அதிகாலை. 1.3 மெகாவாட்டுக்கு 1.2 மெகாவாட் இன்ஜின் இரண்டு ஓடும், ஒவ்வொன்றும் 54 சதவீதச் சுமையில். ஒன்று டிரிப்பானால் மற்றது 108 சதவீதத்தில் தாங்கும். பிரைம் ரேட்டிங் (மாறும் சுமையில் எந்நேரமும் ஓடுவதற்கான திறன்) இன்ஜினுக்கு 12 மணி நேரத்தில் ஒரு மணி நேரம் 10 சதவீத மிகைச்சுமை அனுமதி உண்டு. அதற்குள் மூன்றாவதைக் கிளப்பி இணைத்துவிடலாம்.

டீசல் இன்ஜினை 30 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். சிலிண்டர் போதிய சூடேறாது, எரியாத டீசலும் ஆயிலும் புகைக்குழாயில் கறுப்பாக வழியும், லைனரின் (சிலிண்டர் உறையின்) உட்சுவர் கண்ணாடிபோல் மழமழத்துப்போய் ஆயில் செலவு ஏறும். இன்ஜினை அளவுக்கு மீறிப் பெரிதாக வாங்கிய நிலையங்களில் வழக்கமாகக் காணும் நோய் இது.

ரேட்டிங்கில் ஏமாறாதீர்கள். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ஸ்டாண்ட்பை ரேட்டிங், அதாவது மின்சாரம் போகும்போது மட்டும் ஓட்டுவதற்கான திறன். ஜெனரேட்டர்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 8528 சொல்லும் பிரைம் ரேட்டிங்கிலும், தனியே ஒப்புக்கொள்ளாவிட்டால், 24 மணி நேரச் சராசரிச் சுமை 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்ஜின்களுக்கான ஐ.எஸ்.ஓ. 3046 திறனைக் குறிப்பது 25 டிகிரிக் காற்றுக்கு. வெப்பமண்டல இன்ஜின் அறையில் 40 டிகிரி சாதாரணம். டெண்டரில் "40 டிகிரியில், ஜெனரேட்டர் முனையில், இத்தனை கிலோவாட்" என்று எழுதி வாங்குங்கள்.

தேவை ஆண்டுக்கு 3 சதவீதம் வளர்ந்தால் நான்காம் ஆண்டில் உச்சம் 3.6-ஐ எட்டும், ஆறாவது இன்ஜின் வேண்டும். அது வந்தபின் இன்றிலிருந்து 13-ஆம் ஆண்டு வரை தாங்கும். எனவே ஆறு அடித்தளங்களை இப்போதே வார்த்துவிடுங்கள். ஏழாவதுக்குக் கட்டடத்தின் ஒரு சுவரை நீட்டக்கூடியதாக விட்டால் போதும்.

எரிபொருள்

ஒரு யூனிட்டுக்கு 0.26 லிட்டர் என்று வைத்தால் ஆண்டுக்கு 43 லட்சம் லிட்டர், நாளுக்கு 11,800. டேங்கர் கப்பல் 30 நாளுக்கு ஒருமுறை வருமென்றால், புயலுக்கும் தாமதத்துக்கும் 15 நாள் சேர்த்து 45 நாள் இருப்பு: 5.3 லட்சம் லிட்டர். ஒரே பெரிய தொட்டி கட்டாதீர்கள். 2.5 லட்சம் லிட்டரில் மூன்று கட்டினால், ஒன்றைச் சுத்தம் செய்யும்போதும் ஏறக்குறைய 42 நாள் ஓடும். ஒன்றில் நிரப்பி நீரும் கசடும் படிய விட்டு, இன்னொன்றிலிருந்து எடுக்கவும் முடியும். அடியில் தேங்கும் நீரை வாரந்தோறும் வடிக்காவிட்டால் டீசலுக்கும் நீருக்கும் நடுவே நுண்ணுயிர் வளர்ந்து பில்டரை அடைக்கும். சுற்றுத் தடுப்புச் சுவர் பெரிய தொட்டியின் கொள்ளளவில் 110 சதவீதம் தாங்க வேண்டும்.

டெண்டர் மதிப்பீட்டில் இன்ஜின் விலையைவிட டீசல் செலவுக்கே அதிக எடை கொடுங்கள். ஐ.எஸ்.ஓ. 3046-ஐ மேற்கோள் காட்டித் தரும் எரிபொருள் எண்களில் வழக்கமாக 5 சதவீதச் சலுகை (அந்த அளவு கூடுதலாகக் குடித்தாலும் ஏற்றுக்கொள்ளும் விட்டுக்கொடுப்பு) ஒளிந்திருக்கும். நம் தீவில் அந்த 5 சதவீதம் ஆண்டுக்கு 2 லட்சம் லிட்டருக்கு மேல். "சலுகையின்றி, 50, 75, 100 சதவீதச் சுமைகளில்" உத்தரவாதம் கேளுங்கள்; தவறினால் அபராதம் என்றும் எழுதுங்கள்.

சூரியசக்தியும் பேட்டரியும்

இரண்டு ஹெக்டேரில் 2 மெகாவாட் சூரியத் தகடுகள் வைத்தால், நல்ல வெயில் உள்ள இடத்தில் ஆண்டுக்கு 28 லட்சம் யூனிட், அதாவது தேவையில் 17 சதவீதம். ஆனால் மழைக்காலத்தை நினைத்து, டீசல் தொட்டியின் அளவை இதற்காகக் குறைக்காதீர்கள்.

நண்பகலில் வெயில் 1.5 மெகாவாட் தந்தால் இன்ஜினுக்கு மிஞ்சுவது 0.7. ஒரே 1.2 மெகாவாட் இன்ஜின் 58 சதவீதத்தில் நிம்மதியாக ஓடும். 2 மெகாவாட் இன்ஜினாக இருந்தால் 35 சதவீதம். வெயில் கொஞ்சம் கூடினாலும் 30-க்குக் கீழே போய்விடும். இப்போது ஒரு மேகம். சிறு தீவில் எல்லாத் தகடுகளும் ஒரே நிழலில் விழும், 1.5 மெகாவாட் ஒரு நிமிடத்துக்குள் 0.4 ஆகும். இன்ஜின் 1.2 வரை ஏறும், பாக்கி 0.6 மெகாவாட்டைப் பேட்டரி தர வேண்டும், இரண்டாவது இன்ஜின் இணையும் வரை. 1.2 மெகாவாட், 600 கிலோவாட்-மணிப் பேட்டரி இதற்குத் தாராளம். அதன் வேலை இரவுக்கு மின்சாரம் சேமிப்பதல்ல, ஓடாத இன்ஜினின் இடத்தைச் சில நிமிடம் நிரப்புவது.

அந்த ஒரே இன்ஜினும் டிரிப்பானால் மின்னழுத்தத்தையும் அலைவெண்ணையும் பேட்டரி தானே பிடித்து நிற்க வேண்டும். அதற்கு கிரிட் ஃபார்மிங் இன்வெர்ட்டர் வேண்டும், சாதாரண வகை கூடவே அணைந்துவிடும். இன்னொரு சிக்கல்: ஷார்ட் சர்க்யூட்டில் ஜெனரேட்டர் தன் இயல்பு மின்னோட்டத்தைப் போல் பல மடங்கு தரும், இன்வெர்ட்டரோ ஒன்றரை மடங்கைத் தாண்டுவதே அரிது. மின்னோட்டம் மிகும்போது மின்பாதையைத் துண்டிக்கும் பழைய ஓவர்கரண்ட் ரிலே கோளாறைக் காணாமலே இருந்துவிடும். ரிலே அமைப்பை, இன்ஜின் ஓடும் நிலைக்கும் ஓடாத நிலைக்கும் தனித்தனியே ஆய்வு செய்யச் சொல்லுங்கள்.

முழுக்கப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று யாராவது வாக்குக் கொடுத்தால், கேனரித் தீவுகளின் எல் ஹியேரோவைப் பார்க்கச் சொல்லுங்கள். 2014-இல் 11.5 மெகாவாட் காற்றாலையும், நீரை மேலேற்றிச் சேமித்து மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையமும் சேர்த்துத் தொடங்கினார்கள். நாள்கணக்கில் டீசலே இல்லாமல் ஓடியதுண்டு, ஆண்டுக் கணக்கில் பங்கு பாதியை ஒட்டித்தான். நல்ல சாதனைதான், டீசல் நிலையத்தை மூடிவிடலாம் என்பதற்கான சான்று அல்ல.

இடம், துறைமுகம், உப்பு

தரைமட்டம் புயல் அலை உயரத்துக்கு மேலே இருக்கட்டும். சுவிட்ச்கியர் (மின் இணைப்புகளைச் சேர்த்துத் துண்டிக்கும் கருவிகள்) அறை அதைவிட உயரத்தில். ஊருக்குக் காற்று அடிக்கும் திசையில் புகைபோக்கி வேண்டாம். இடத்தை இறுதி செய்யுமுன் படகுத்துறை கிரேன் எவ்வளவு தூக்கும், சாலைப் பாலம் எவ்வளவு தாங்கும் என்று அளந்துவிடுங்கள். ஒரு மெகாவாட் வகை ஜெனரேட்டர் செட்டே 10 முதல் 20 டன் வரை வரும்.

உப்புக் காற்றுக்கு வெளிப்புற எஃகெல்லாம் ஐ.எஸ்.ஓ. 12944-இன் சி5 வகைப் பூச்சு (கடும் அரிப்பைத் தாங்குவது), போல்ட்டுகள் 316 ஸ்டெயின்லெஸ். ரேடியேட்டர் தகடுகளுக்கும் பூச்சு கேளுங்கள், அங்குதான் அரிப்பு முதலில் தெரியும்.

ஒப்படைப்புச் சோதனை

தொழிற்சாலைச் சோதனைச் சான்றிதழோடு பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். 72 மணி நேரத் தொடர் ஓட்டத்துக்குப் பிறகு, உண்மையான நகரச் சுமையில், ஊருக்கு முன்னறிவிப்புக் கொடுத்து, ஓடும் இன்ஜின் ஒன்றை வேண்டுமென்றே டிரிப் செய்யுங்கள். அலைவெண் எவ்வளவு இறங்கியது, எந்த ஃபீடர்கள் எந்த வரிசையில் தானாக வெட்டப்பட்டன, பேட்டரி எத்தனை நொடியில் வந்தது என்பதைப் பதிவுக் கருவியில் பாருங்கள். மருத்துவமனை ஃபீடர் முதலில் வெட்டப்பட்டால் வரிசையைத் திருத்தி மறுபடி செய்யுங்கள். பிறகு எல்லாவற்றையும் அணைத்து, வெளி உதவியில்லாமல் இருட்டிலிருந்து நிலையத்தைக் கிளப்பச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டிங் ஏர் பாட்டிலில் (இன்ஜினைக் கிளப்பும் அழுத்தக் காற்றுக் கலத்தில்) காற்றுப் போதவில்லை என்பது பல இடங்களில் அப்போதுதான் தெரியவரும். இதைச் செய்வது ஒப்பந்தக்காரரின் ஆட்களாக இருக்கக் கூடாது, நாளை ஷிப்டில் நிற்கப்போகும் உள்ளூர் ஆபரேட்டர்களாக இருக்க வேண்டும். கடைசித் தவணைப் பணத்தை இந்தச் சோதனையோடும், இரண்டு ஆண்டு உதிரி பாகங்கள் கிடங்கில் எண்ணிச் சரிபார்க்கப்படுவதோடும் கட்டிவையுங்கள்.